சட்டையில் நீலத் திட்டு எப்படி விழுகிறது?

வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, நாலு சொட்டு நீலம் விட்டு, கையால் நன்றாக அளாவிவிட்டு, அலசிய வெள்ளைச் சட்டையை முக்கி எடுத்தால் சட்டை பளிச்சென்று வருகிறது. அதே வாளியில் சட்டையை முதலில் போட்டுவிட்டு, மறந்துபோன நீலத்தை அதன்மேல் நாலு சொட்டு விட்டால் தோள்பட்டையில் ஒரு நீலத் திட்டு விழுகிறது. அதன் பிறகு எவ்வளவு கலக்கினாலும் அந்த வாளியில் இருக்கும்வரை திட்டு மறைவதில்லை. தண்ணீரின் அளவும் சொட்டுகளின் எண்ணிக்கையும் துணியும் மாறவில்லை. எது முதலில் போனது என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது.

சாயம் கலந்த தண்ணீரில் துணி இருக்கும்போது இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. சாயம் தண்ணீர் முழுக்கப் பரவப் பார்க்கிறது. துணி, தன்னைத் தொடும் சாயத்தைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறது. பரவுவது முந்தினால் நிறம் சமமாக விழும். பிடிப்பது முந்தினால் திட்டு விழும். திருப்பூர்ச் சாயப்பட்டறையில் 400 கிலோ பனியன் துணிக்குச் சாயமேற்றும் முறையில் உப்பை எப்போது போடுவது, சோடாவை எவ்வளவு மெதுவாக விடுவது, சூட்டை எப்போது ஏற்றுவது என்று எழுதிவைத்திருக்கும் அத்தனையும் இந்தப் போட்டியில் பரவுவதை ஜெயிக்க வைப்பதற்குத்தான். அது ஏன் அவ்வளவு பாடு என்பது விளங்க, சாயம் தண்ணீரில் உண்மையில் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அந்த வேகம் பெரும்பாலோர் நினைப்பதைவிட மிகமிகக் குறைவு.

சும்மா விட்டால் 35 மணி நேரம்

பள்ளிப் பாடத்தில் இதற்கு விரவுதல் என்று பெயர். தண்ணீரின் மூலக்கூறுகள் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கின்றன. அவை எல்லாப் பக்கமிருந்தும் இடிப்பதால் சாய மூலக்கூறு அங்குமிங்கும் தள்ளாடுகிறது. தேர்த் திருவிழாக் கூட்டத்தின் நடுவில் மாட்டிக்கொண்டவர் நிலைமைதான் அதற்கும். ஒவ்வொரு இடியும் வெவ்வேறு திசையில் விழுவதால், நூறு இடி வாங்கியவர் பத்தடிதான் நகர்ந்திருப்பார். இரண்டு மடங்கு தூரம் போக நான்கு மடங்கு நேரமும், பத்து மடங்கு தூரத்துக்கு நூறு மடங்கு நேரமும் பிடிக்கும். 1827இல் ராபர்ட் பிரவுன் மகரந்தத்திலிருந்து வெளிவந்த நுண்துகள்கள் நீரில் ஆடுவதைப் பார்த்தார். 1855இல் அடால்ஃப் ஃபிக் பரவும் வேகத்துக்கு விதி எழுதினார். 1905இல் ஐன்ஸ்டைன் அந்த ஆட்டத்தையும் இந்தப் பரவலையும் ஒரே சமன்பாட்டில் சேர்த்தார்.

அந்தச் சமன்பாட்டில் எண்களைப் போட்டுப் பார்க்கலாம். ஃப்ளோரசீன், ரோடமின் போன்ற சாயங்களுக்கு அறை வெப்பத்தில் விரவல் எண் நொடிக்கு ஏறத்தாழ 4 × 10⁻¹⁰ சதுர மீட்டர். தூரத்தின் வர்க்கத்தை இந்த எண்ணின் இருமடங்கால் வகுத்தால் நேரம் கிடைக்கும். ஒரு மில்லிமீட்டர் பரவ சுமார் 20 நிமிடம் ஆகிறது. ஒரு சென்டிமீட்டருக்கு 35 மணி நேரம், பத்து சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மாதம். ஒரு மீட்டர் ஆழத் தொட்டியில் அடியிலிருந்து மேலே வருவதற்கு 40 வருடம்.

ஆனால் டம்ளர் தண்ணீரில் பேனா மை ஒரு சொட்டு விட்டால் அரை நிமிடத்தில் அடிவரை போய்விடுகிறதே? போவது உண்மைதான், ஆனால் அந்த வேலையைச் செய்வது விரவுதல் அல்ல. மை தண்ணீரைவிடக் கொஞ்சம் கனமானது, அதனால் இறங்குகிறது. விழுந்த வேகத்தில் அது ஒரு வளையமாகச் சுருள்கிறது. வளையம் இறங்க இறங்கக் கிளை விட்டு, ஒவ்வொரு கிளையின் நுனியிலும் குட்டி வளையம் பிறக்கிறது. டம்ளரில் ஊற்றும்போது எழுந்த சுழற்சி சில நிமிடங்களுக்கு அடங்காமல் இருக்கும். மேற்பரப்பு ஆவியாகிக் குளிர்வதால் மேல்தண்ணீர் கனத்துக் கீழே இறங்கும். நாம் பார்ப்பது இந்த ஓட்டங்களைத்தான். சாயம் அவற்றில் தொற்றிக்கொண்டு பயணம் செய்கிறது, அவ்வளவே.

வகுப்பறையில் காட்டும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் சோதனையிலும் இதே குழப்பம் உண்டு. ஒரு படிகத்தைப் பீக்கரின் அடியில் போட்டு, ஊதா நிறம் பரவுவதைக் காட்டி, ‘இதுதான் விரவுதல்’ என்பார்கள். பெர்மாங்கனேட் அயனி சிறியது. சாயங்களைவிட நான்கு மடங்கு வேகமாக விரவும். அப்படியும் ஒரு சென்டிமீட்டருக்கு எட்டு, ஒன்பது மணி நேரம் வேண்டும். பாடவேளை முடிவதற்குள் பீக்கர் முழுக்க ஊதாவானால் அங்கே தண்ணீர் ஓடியிருக்கிறது என்று பொருள்.

வெந்நீரில் சீக்கிரம் பரவுவதற்குச் சொல்லும் காரணமும் பாதிதான் சரி. சூட்டில் மூலக்கூறுகள் வேகமாக ஆடும், தண்ணீரின் பிசுப்பும் குறையும். இரண்டையும் சேர்த்தால் 25 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போகும்போது விரவல் ஏறக்குறைய மூன்று மடங்காகும். 35 மணி நேரம் 12 மணி நேரமாகும். தேயிலைப் பை வெந்நீரில் ஒரு நிமிடத்தில் நிறம் விடுவதை அந்த மூன்று மடங்கு விளக்காது. சூடான கோப்பையின் ஓரங்கள் ஆறும்போது உள்ளே எழும் ஓட்டம்தான் நிறத்தைச் சுமந்து போகிறது. கூடவே சூடு, இலையிலிருந்து சாறு வெளியேறுவதையும் வேகப்படுத்துகிறது.

ஓட்டத்தை அறவே நிறுத்தி, விரவுதலை மட்டும் பார்க்க வேண்டுமானால் தண்ணீரைக் கட்டிப்போட வேண்டும். அதற்குச் சைனா கிராஸ் என்று கடையில் கிடைக்கும் கடல்பாசி போதும். 100 மில்லி தண்ணீரில் ஒரு கிராம் போட்டு, தெளிவாகும்வரை கொதிக்கவைத்து, சோதனைக் குழாயில் முக்கால் அளவு ஊற்றி ஆறவிட வேண்டும். இறுகியதும் அதன்மேல் கரைத்த சாயம் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு. தினமும் ஒரே நேரத்தில் நிறம் இறங்கிய தூரத்தைக் குறிக்க வேண்டும். முதல் நாள் இறங்கிய தூரத்தைப்போல இரண்டு மடங்கை நான்காம் நாளிலும், மூன்று மடங்கை ஒன்பதாம் நாளிலும்தான் தொடும். இடையில் கெடுக்கக் கூடியவை மூன்று. சாயத்தைச் சூடாக ஊற்றினால் பாசியின் மேற்பகுதி இளகிவிடும். பாசி கண்ணாடியை விட்டு விலகியிருந்தால் சாயம் அந்த இடுக்கு வழியாக ஓடி அடிக்கு இறங்கிவிடும். மெத்திலீன் நீலம் போன்ற நேர்மின் சாயத்தை எடுத்தால் பாசியில் இருக்கும் எதிர்மின் தொகுதிகள் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும்; நிறம் முதல் சில மில்லிமீட்டரிலேயே அடர்ந்து நிற்கும். மூன்றாவது கோளாறு நம் சட்டைத் திட்டின் சின்ன உருவம்தான். பிடிக்கிற பொருள் வழியில் இருந்தால் பரவல் தடைபடுகிறது.

கலக்குவது என்பது மெலியவைப்பது

விரவுதல் இவ்வளவு மந்தம் என்றால் கலக்கியவுடன் எல்லாம் சேர்வது எப்படி? பரோட்டா மாவை வீசி மடிக்கிற இடத்தைப் பார்த்தால் விடை தெரியும். உருண்டையை இழுத்து விசிறி, மடித்து, மறுபடி இழுக்கும்போது ஒவ்வோர் அடுக்கும் மெலிகிறது. கலக்கும் கையும் கரண்டியும் சாயத்துக்குச் செய்வது இதையேதான். ஒரு சென்டிமீட்டர் தடிப்புள்ள சாயப் பட்டையை ஒருமுறை இழுத்து மடித்தால் தடிப்பு பாதியாகும் என்று வையுங்கள். பத்து முறை செய்தால் 1024இல் ஒரு பங்கு, அதாவது சுமார் 10 மைக்ரான். தூரம் ஆயிரத்தில் ஒன்றாகும்போது விரவும் நேரம் பத்து லட்சத்தில் ஒன்றாகிறது. 35 மணி நேரம் பிடித்த வேலை நொடியில் எட்டில் ஒரு பங்கில் முடிகிறது.

கலக்குதல் தன்னளவில் சாயத்தைக் கலப்பதில்லை என்பதை இதிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும். சாயத்தை மெல்லிய ஏடுகளாக்கி விரவுதலின் கையில் கொடுப்பதோடு அதன் வேலை முடிகிறது. கிளிசரின் போன்ற பிசுபிசுப்பான திரவத்தை ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கும் இரண்டு உருளைகளுக்கு நடுவே நிரப்பி, ஒரு சொட்டுச் சாயம் விட்டு, உள் உருளையை மெதுவாக நாலைந்து சுற்று சுற்றினால் சொட்டு மங்கலாகக் கரைந்துபோனதுபோல் இருக்கும். அதே சுற்றுகளைத் திருப்பிச் சுற்றினால் சொட்டு பழைய இடத்தில் பழையபடி வந்து நிற்கும். முதல்முறை பார்ப்பவர்கள் ஏதோ வித்தை என்றே நினைப்பார்கள். ஏடுகள் மெலிந்தன, ஆனால் விரவ நேரம் கிடைக்கவில்லை. அதனால் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. தண்ணீரில் இது நடக்காது. தண்ணீர் லேசானது, கொஞ்சம் வேகமாக அசைத்தாலே சுழிகள் பிறந்து தாறுமாறாகிவிடும்.

எப்போது தாறுமாறாகும் என்பதை 1883இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் சாயத்தை வைத்தே காட்டினார். கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, அதன் நடுவே நூல்போலச் சாயத்தை விட்டார். மெதுவான ஓட்டத்தில் சாய நூல் குழாயின் கடைசிவரை அறுபடாமல் போனது. பாடநூல் இதை வரிச்சீர் ஓட்டம் என்கிறது. வேகத்தைக் கூட்டியபோது ஓர் இடத்தில் நூல் நடுங்கி, உடைந்து, குழாய் முழுக்க நிறமானது. ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில் சாதாரணமாக நொடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்துக்குக் கீழே நூல் உடையாது. அதைத் தாண்டினால் சின்ன அதிர்வுகூடச் சுழிகளைக் கிளப்பிவிடக்கூடும்.

தண்ணீரில் இன்னொரு விசேஷம் உண்டு. தண்ணீரின் அசைவு அடங்கும் வேகம், சாயம் விரவும் வேகத்தைப்போல ஏறத்தாழ 2500 மடங்கு. ஆகவே கலக்கிவிட்டு நிறுத்தினால் அசைவு முதலில் சாகும், சாயக் கோடுகள் அப்படியே நிற்கும். ரோஸ்மில்க் சிரப்பை ஒரு சுற்று சுற்றிவிட்டு வைத்தால் இழை இழையாக நிற்பது இதனால்தான். கரண்டியை இன்னும் நாலு முறை ஓட்டினால் தீரும், காத்திருந்தால் தீராது.

எப்படிக் கலக்குகிறோம் என்பதும் முக்கியம். வட்டமாக ஒரே பக்கம் சுற்றிக்கொண்டேயிருந்தால் வாளித் தண்ணீர் முழுவதும் ஒரே கட்டியாகச் சுழலத் தொடங்கும். பார்க்க வேகமாக இருக்கும், ஆனால் பக்கத்துப் பக்கத்துத் தண்ணீர் ஒன்றாகவே போவதால் ஏடு மெலியாது. மேல் தண்ணீர் மேலேயே சுற்றும், கீழ்த் தண்ணீர் கீழேயே சுற்றும். கையை அடிவரை இறக்கி மேலே வாரி எடுப்பதும், திசையை மாற்றுவதும், சுழலுக்குக் குறுக்கே கையை நிறுத்துவதும் பத்து சுற்றைவிட அதிக வேலை செய்யும். ஆலைகளின் கலவைத் தொட்டிகளில் உட்சுவரில் செங்குத்தாக நாலு தகடுகள் பொருத்தியிருப்பதற்கும் இதுவே காரணம். அவை தண்ணீரைச் சும்மா சுற்றவிடாமல் மேலும் கீழுமாகத் திருப்பிவிடுகின்றன.

கனம் வேறுபட்டால் கலப்பு இன்னும் கடினம். குளிக்க வெந்நீர் விளாவும்போது பச்சைத் தண்ணீர்மேல் வெந்நீரை மெதுவாக ஊற்றினால் மேலே கை சுடும், அடியில் ஜில்லென்று இருக்கும். லேசான வெந்நீர் மேலே மிதந்து தங்கிவிடுகிறது. உப்புக் கரைசல் இதற்கு நேரெதிர்: அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பட்டறைக் கலவைத் தொட்டியில் மூட்டையைப் பிரித்து உப்பைக் கொட்டிவிட்டு மேலே மட்டும் சுழலும் கலக்கியை நம்பினால், கலக்கி நல்ல தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருக்கும்.

ஆற்றில் இந்தக் கணக்கு கிலோமீட்டரில் வரும். ஆறு முழுக்கச் சுழிதான், ஆழவாக்கில் சீக்கிரம் கலந்துவிடும். ஆனால் கரைக்குக் கரை கலப்பது மெதுவாகவே நடக்கும். 30 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம், நொடிக்கு அரை மீட்டர் ஓட்டம் உள்ள, லேசாக வளைந்தோடும் ஆற்றில் ஒரு கரையோரம் விட்ட சாயம் மறுகரைவரை சமமாகக் கலக்க ஏறத்தாழ 6 கிலோமீட்டர் ஆகும் என்பது பொறியாளர்கள் போடும் உத்தேசக் கணக்கு. நடுவில் விட்டால் அதில் கால் பங்கு. கழிவுக் குழாய்க்கு நூறு மீட்டர் கீழே எதிர்க்கரையில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துச் சோதித்தால் அது சுத்தமாகவே இருக்கும். குறுக்காக மூன்று இடங்களிலாவது எடுத்தால்தான் மாதிரி என்று சொல்ல முடியும். பரவலின் இந்த நீட்டத்தை நீரியல் வல்லுநர்கள் தங்களுக்குச் சாதகமாகவும் பயன்படுத்துகிறார்கள். 1877 அக்டோபரில் ஜெர்மனியில் டான்யூப் ஆறு நிலத்துக்குள் இறங்கி மறையும் இடத்தில் 10 கிலோ யுரானின் என்ற ஒளிரும் சாயத்தை விட்டார்கள். இரண்டரை நாள் கழித்து சுமார் 12 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஆஹ் ஊற்றில் பச்சை ஒளிர்ந்தது. டான்யூப் தண்ணீர் ரைன் ஆற்றுக்குப் போகிறது என்று அன்று நிரூபணமானது.

பட்டறையில் பிடிப்பை நிறுத்திவைப்பது

இனித் துணி. 400 கிலோ பருத்திப் பின்னல் துணியை ‘சாஃப்ட் ஃப்ளோ’ மெஷினில் ஏற்றி, கிலோவுக்கு 6 லிட்டர் வீதம் 2400 லிட்டர் தண்ணீர் நிரப்புகிறார்கள் என்று கொள்ளலாம். துணி கயிறாக முடிந்து, நாசில் வழியாகப் பாயும் தண்ணீரோடு சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டரை நிமிடம் வையுங்கள். பருத்தியோடு வேதிப் பிணைப்பு கொள்ளும் ரீயாக்டிவ் சாயம், துணி எடையில் 3 சதவீதம் என்றால் 12 கிலோ. உப்பு லிட்டருக்கு 60 கிராம் வீதம் 144 கிலோ. சோடா ஆஷ் என்ற காரம் லிட்டருக்கு 20 கிராம் வீதம் 48 கிலோ.

முதல் சிக்கல் சாயம் கரைப்பதில் வரும். சாயப் பொடியைத் தண்ணீரில் மொத்தமாகக் கொட்டினால் கட்டி விழும். கட்டியின் வெளிப்பக்கம் நனைந்து பசையாகி, உள்ளே இருக்கும் காய்ந்த பொடிக்குத் தண்ணீர் போகாமல் அடைத்துவிடும். ரவையைக் கொதிநீரில் கிளறாமல் கொட்டியதுபோல. கேசரிப் பவுடரை நேராகச் சட்டியில் தூவாமல் ஒரு கரண்டித் தண்ணீரில் கரைத்து ஊற்றும் சமையற்காரருக்கு இது தெரியும். பட்டறையில் பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, பிறகு சுடுதண்ணீர் விட்டு வேகக் கலக்கியில் கரைத்து, மெல்லிய சல்லடையிலோ துணியிலோ வடிகட்டி விடுவார்கள். வடிகட்டாமல் போனால் துணியில் விழுவது புள்ளி. திட்டு வேறு, புள்ளி வேறு. பெரிய மங்கலான திட்டு கலப்புக் கோளாறைக் காட்டும். குண்டூசித் தலை அளவு அடர்ந்த புள்ளி கரையாத சாயத்தைக் காட்டும். கடினத் தண்ணீராக இருந்தால் கால்சியமும் மெக்னீசியமும் சில சாயங்களோடு சேர்ந்து மண்டியாகி, அதுவும் புள்ளியாக வரும். உப்புத் தண்ணீரில் சாயத்தைக் கரைக்கப் பார்ப்பது இன்னொரு தவறு. உப்பு இருந்தால் கரையும் அளவு சட்டென்று குறையும், மூலக்கூறுகள் கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொள்ளும்.

சாயம் மட்டும் தண்ணீரில் இருக்கும்போது பருத்தி அதை அவ்வளவாகப் பிடிப்பதில்லை. தண்ணீரில் நனைந்த பருத்தியின் மேற்பரப்பு எதிர்மின் தன்மை கொண்டது. ரீயாக்டிவ் சாயமும் எதிர்மின் அயனிதான். ஒன்றையொன்று தள்ளும். இதுதான் பரவலுக்குக் கிடைக்கும் அவகாசம். இந்த அவகாசத்தில் சாயத்தைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் சிறுகச் சிறுக விட்டு, கயிறு நாலைந்து முறையாவது சுற்றி வரவிட வேண்டும். ஒரே நிமிடத்தில் 12 கிலோவையும் விட்டால், அந்த ஒரு நிமிடத்தில் நாசிலைக் கடக்கும் ஐந்தில் இரண்டு பங்குத் துணி மட்டும் அடர்ந்த சாயத்தைச் சந்திக்கும்.

அடுத்தது உப்பு. சாதாரண உப்போ கிளாபர் சால்ட் என்ற சோடியம் சல்பேட்டோ, இரண்டும் செய்வது ஒன்றே: சோடியம் அயனிகள் பருத்தியின் எதிர்மின்னை மறைத்துவிடும், தள்ளுதல் அடங்கும், சாயம் துணிமேல் ஏறும். அரை மணி நேரத்துக்குப் படிப்படியாக உப்பை விட்டால் கயிறு 12 முறை சுற்றிவிடும்; ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சமாகத்தான் சாயம் ஏறும். பழைய ‘விஞ்ச்’ மெஷின்களில் உப்பை மூன்று நான்கு தவணையாகப் போட்டு, முதல் தவணையைச் சிறியதாக வைப்பதும் இதே கணக்குதான். கைத்தறிச் சாயக்காரர்கள் இன்னும் நேரடியாகச் செய்வார்கள். நூல் சிட்டங்களைக் கம்போடு தூக்கித் தொட்டிக்கு வெளியே பிடித்துக்கொண்டு, சாயத்தையோ உப்பையோ ஊற்றிக் கலக்கி, அதன் பிறகுதான் சிட்டத்தை இறக்குவார்கள். சட்டையை எடுத்துவிட்டு நீலம் விடுவதும் அதுவும் ஒன்று. மெஷினுக்குள் 400 கிலோ துணியைத் தூக்கிப் பிடிக்க முடியாது என்பதால்தான் அங்கே நேரத்தை இழுக்கிறார்கள்.

இதுவரை நடந்த எதையும் திருத்திக்கொள்ளலாம். துணிமேல் ஏறிய சாயம் இன்னும் துணியோடு பிணையவில்லை. அடர்ந்த இடத்திலிருந்து இறங்கி, வெளிறிய இடத்தில் ஏறிக்கொள்ள முடியும். உப்பு போட்ட பிறகு 60 டிகிரியில் 20 நிமிடம் சும்மா ஓடவிடுவது சோம்பலால் அல்ல. சாயம் தன்னைத் தானே சமப்படுத்திக்கொள்ளும் நேரம் அது. நூலிழைக்குள்ளே ஊடுருவுவதும் அப்போதுதான். இழைக்குள் சாயம் நகரும் வேகம் தண்ணீரில் நகர்வதைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைவு. இழையின் பாதித் தடிமன் பத்து மைக்ரானுக்குள்தான் என்பதால் அந்த வேகத்திலும் வேலை ஓரிரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. டர்க்கைஸ் நீலத்தின் மூலக்கூறு பெரியது, இன்னும் மெதுவாக ஊடுருவும். அதனால் அதை 80 டிகிரிக்கு ஏற்றி ஓட்டுவார்கள்.

சோடா விழுந்தவுடன் கதவு அடைபடுகிறது. காரத்தன்மையைக் காட்டும் pH அளவு 10.5, 11 என்று ஏறியதும் சாயம் பருத்தியோடு வேதிப் பிணைப்பு கொள்கிறது. 1956இல் ஐசிஐ நிறுவனம் புரோசியான் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் ரீயாக்டிவ் சாயங்களின் பெருமையே துவைத்தாலும் போகாத இந்தப் பிணைப்புதான். போகாது என்பது திட்டுக்கும் பொருந்தும். ஆகவே 48 கிலோ சோடாவை ஒரே சீராக விடாமல், தொடக்கத்தில் மிகக் குறைவாகவும் போகப் போகக் கூட்டியும் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம்வரை விடுவார்கள். முதல் ஒன்றிரண்டு கிலோவே கார அளவைச் சட்டென்று ஏற்றிவிடும் என்பதால் தொடக்க வேகம்தான் ஆபத்து. அவசர ஆர்டர் என்று டோசிங் நேரத்தை, அதாவது சோடா விடும் நேரத்தைப் பாதியாக்கினால் ‘அன்ஈவன்’ என்று லாட் திரும்பி வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கோனில் சுற்றிய நூலுக்குச் சாயம் போடும்போது நூல் நிலையாக நிற்கும், தண்ணீர்தான் ஓடும். அங்கே கோனின் அடர்த்திதான் எல்லாம். கன சென்டிமீட்டருக்கு 0.35 முதல் 0.40 கிராம் என்ற அளவில் எல்லாக் கோன்களும் ஒரேமாதிரி சுற்றப்பட்டிருக்க வேண்டும். ஒன்று தளர்வாக இருந்தால் தண்ணீர் சுலபமான அந்த வழியே ஓடிவிடும், இறுக்கமான கோன் வெளிறும். உள்ளிருந்து வெளியே சில நிமிடம், வெளியிலிருந்து உள்ளே சில நிமிடம் என்று ஓட்டத்தை மாற்றிக்கொண்டே இருப்பது உள் அடுக்குக்கும் வெளி அடுக்குக்கும் நிறம் வேறுபடாமல் இருக்க.

எல்லாத் திட்டையும் கலப்பின் தலையில் போடுவதும் சரியல்ல. துணியே சமமாக நனையாவிட்டால் எவ்வளவு பொறுமையாக டோஸ் செய்தும் பயனில்லை. மெழுகும் எண்ணெயும் சரியாகப் போகாத இடத்தில் சாயம் ஏறாது. பிளீச்சிங்கில் மிஞ்சிய பெராக்சைடு பல ரீயாக்டிவ் சாயங்களைக் கெடுக்கும். சாயம் ஏற்றும் முன் துணியின் பத்து இடங்களில் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பது செலவில்லாத சோதனை. எல்லாச் சொட்டும் உடனடியாக, ஒரே நேரத்தில் உறிஞ்சப்பட வேண்டும். ஓரிடத்தில் சொட்டு உருண்டு நின்றால் திட்டு அங்கே ஏற்கெனவே விழுந்துவிட்டது, நிறம்தான் இன்னும் வரவில்லை.

இவ்வளவுக்கும் விலை உண்டு. சாயத்தில் ஒரு பங்கு பருத்தியோடு பிணையாமல் தண்ணீரோடு பிணைந்து வீணாகிறது. போட்ட உப்போ மொத்தமும் தண்ணீரிலேயே மிஞ்சுகிறது. லிட்டருக்கு 60 கிராம் என்பது 60,000 மில்லிகிராம். வெளியேற்றும் நீரில் கரைந்திருக்கலாம் என்று அனுமதித்த அளவு 2,100. சாயத்தை லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவிலேயே கண் காட்டிக்கொடுத்துவிடும், உப்பைக் காட்டாது. திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றில் கண்ணுக்குத் தெரிந்தது நிறம், வயலையும் கிணற்றையும் கெடுத்ததில் பெரும்பங்கு உப்பு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்ட பிறகு, ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறியவையே இயங்க முடிந்தது. சவ்வு வடிகட்டிகளும் ஆவியாக்கிகளும் வைத்து அவர்கள் இன்று பிரித்தெடுப்பது சாயத்தைவிட உப்பைத்தான் அதிகம்.

விழுந்த திட்டை என்ன செய்வது? பட்டறையில் என்றால் ஹைட்ரோசும் காஸ்டிக்கும் போட்டு 80, 90 டிகிரியில் நிறத்தை உரித்து மறுபடி சாயமேற்ற வேண்டும். துணியின் பலம் கொஞ்சம் போகும். சில சாயங்கள் முழுதாக உரியாது. அப்படிப்பட்ட லாட்டைக் கறுப்பில் தள்ளிவிடுவதுதான் வழக்கம். சட்டை நீலத்துக்கு அவ்வளவு வேண்டியதில்லை. சொட்டு நீலச் சாயம் பருத்தியோடு பிணைவதில்லை, மேலாக ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். காயவிடாமல் நல்ல தண்ணீரில் போட்டு, தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றி அலசி, கொஞ்சம் சோப்புத் தூளில் ஊறவைத்தால் இறங்கிவிடும். பிறகு சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே நீலத்தைத் தண்ணீரில் விட்டு, அடிவரை அளாவிவிட்டு முக்கலாம்.